ஆணித் துவக்கு

கொங்கிறீற்றில் ஆணியடிக்கும் துவக்கின் கதை கடலில்தான் தொடங்குகிறது. முதலாம் உலகப்போர்க் காலத்தில் றொபேட் ரெம்பிள் என்ற பிரித்தானியர், கப்பல்களை அவசரமாகத் திருத்த, வெடிமருந்தால் இரும்புத் தகட்டில் ஆணி இறக்கும் வழியைக் கண்டார்.

ஆரம்பகாலக் கருவிகளில் வெடிவாயு ஆணியை நேரடியாகவே தள்ளியது. அது ஆணியல்ல, சன்னம்தான். மெல்லிய சுவரென்றால் துளைத்துக்கொண்டு போய் மறுபக்கம் நிற்பவனில் பாயும்.

1950களின் பிற்பகுதியில், லீக்ரன்ஸ்ரைன் நாட்டு ஹில்ற்றி நிறுவனம் இடையில் பிஸ்ரன் வைத்த கருவியைக் கொண்டுவந்தது. வெடி பிஸ்ரனைத் தள்ளும். பிஸ்ரன் ஆணியை அடிக்கும். பிஸ்ரன் நின்றால் ஆணியின் வேகமும் அடங்கிவிடும். முனையைச் சுவரில் அழுத்தாமல் வெடிக்கவும் மாட்டாது.

துவக்குக்குத் தப்பி வந்த எங்கட பெடியளில் சிலர் இங்கே இந்தத் துவக்கால்தான் பிழைக்கிறார்கள். தம்பிமாரே, பிஸ்ரன் இருக்குது என்று நம்பி இருந்துவிடாதேங்கோ. சுவருக்கு அங்கால ஆள் நிக்குதோ என்று ஒருக்கால் எட்டிப் பாருங்கோ.