நீரை வடித்த மண், நீரை மறிக்கும் ஊர்

மலேசியாவில், வடக்குச் சிலாங்கூரின் தோட்ட வரலாறு ஒருவகையில் நீரை வடித்த வரலாறே ஆகும். பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபோகோனியே 1917-இல் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரைத் தொடங்குவதற்கு முன்பே, ரப்பருக்காகத் திறக்கப்பட்ட கரையோரத் தாழ்நிலங்களில், மலாய் மொழியில் 'பாரிட்' எனப்படும் வடிகால்களை வெட்டித் தேங்கிய நீரை ஆற்றிலோ கடலிலோ இறக்கிய பிறகுதான் கன்று நட முடிந்தது. தமிழரும் ஜாவானியரும் சீனரும் இடுப்பளவுச் சேற்றில் நின்று செய்த இந்த வேலை, பால்வெட்டு அளவுக்குப் பாட்டிலும் கதையிலும் இடம்பெறவில்லை.

கடற்கரைக் களிமண்ணுக்கு அப்பால், உள்நாட்டுப் பக்கமாக, ஏறத்தாழ 80,000 ஹெக்டர் பரப்பில் கிடப்பது கம்புட் காடு. கம்புட் என்பது நீரில் மூழ்கியிருப்பதால் முழுதும் மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்துவந்த இலையும் வேரும் மரமுமான கரிமண். நீர் வடிந்தால் அது காற்றுப்பட்டுச் சிதைந்து தாழும், வறண்ட காலத்தில் பற்றிக்கொண்டால் தரைக்கடியிலேயே நாள்கணக்கில் கனலும். மரம் வெட்டியவர்கள் தடிகளை வெளியேற்ற வெட்டிய கால்வாய்கள், 1990-இல் இப்பரப்பு காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட பின்னரும், நீரை இழுத்துக்கொண்டே இருந்தன. 2005 ஆகஸ்டு 11 அன்று புகைமூட்டத்தால் கோல சிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அப்புகையில் பெரும்பகுதி சுமத்ராவிலிருந்து வந்ததே. எனினும் அங்கு எரிந்த அதே வகை மண்தான், இப்பரப்பின் ஒரு பகுதியான ராஜா மூசா காப்புக்காட்டிலும் வறண்ட காலங்களில் எரிந்துவந்தது.

2008 முதல் மாநில வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையம் என்ற தொண்டு நிறுவனமும் ராஜா மூசாவில் சீரமைப்பைத் தொடங்கின. 2012-இல் சுற்றுவட்டக் கிராம மக்களைக் கொண்டு 'வடக்குச் சிலாங்கூர் கம்புட் காட்டு நண்பர்கள்' என்ற அமைப்பு உருவாயிற்று. இதன் உறுப்பினர்கள் வீட்டுப் புறக்கடையில் மஹாங் போன்ற காட்டு மரங்களின் கன்றுகளை வளர்த்து நடவுக்கு விற்கிறார்கள், தீக்காவல் சுற்றுகிறார்கள், பழைய கால்வாய்களை அடைக்கிறார்கள். அடைப்பு எளிய வேலைதான்: குறுக்கே மரக்கம்பங்களை அறைந்து இடையில் மண்ணை நிரப்பினால், பால் சேர்க்காத தேநீரின் நிறத்தில் நீர் மெல்லப் பின்னேறி மண்ணை நனைக்கிறது. தஞ்சோங் காராங் நெல்வயல்களும் இந்தக் காட்டு நீரை நம்பியிருப்பதால், உழவர்க்கு இது வெறும் மர நேசம் அன்று.

தோட்டத்தில் பாரிட் வெட்டியவர்களின் வாரிசுகளுக்குக் கால்வாய் அடைக்கும் வாய்ப்பு எளிதில் கிட்டவில்லை. தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடு தோட்ட நிர்வாகத்துக்கு உரியது. தோட்டம் கைமாறியபோதோ நிலம் வீட்டு மனைகளானபோதோ தொழிலாளர் குடும்பங்கள் நகரோரக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தன. சொந்த நிலமும் நிலைத்த ஊரும் உள்ளவர்களே இத்தகைய இயக்கத்தின் முதுகெலும்பாக முடியும்.

வடித்த மண்ணின் கணக்கு எரிபொருளிலும் தொடர்கிறது. மலேசியாவில் பெட்ரோலியத்தைச் சிக்கனப்படுத்தச் செம்பனை எண்ணெயை டீசலில் கலக்கும் திட்டம் 2011 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்த எண்ணெய் வடித்த கம்புட்டில் விளைந்ததாயின், மண் வெளியேற்றும் கரியைக் கணக்கில் சேர்த்தால் கரி உமிழ்வில் சேமிப்பு என்று எதுவும் மிஞ்சாது. கம்புட்டில் நிற்கும் செம்பனைக்கு நீர்மட்டம் தரைக்குக் கீழே ஏறத்தாழ அரை மீட்டர் இறங்கியிருக்க வேண்டும். காட்டுக்கோ அது தரையை ஒட்டி நிற்க வேண்டும். காட்டின் எல்லைக்கு ஒருபுறம் பாரிட்டைத் தூர்வாரிக்கொண்டும் மறுபுறம் அதை அடைத்துக்கொண்டும் இருப்பது ஒரே மண்ணில்தான்.