யிம்பி இயக்கம்

தாங்கள் வாழும் ஊரில் புதிய வீடுகள், சிறப்பாக அடுக்குமாடிக் குடியிருப்புகள், கூடுதலாகக் கட்டப்பட வேண்டும் என்று ஊர்வாசிகளே முன்வந்து கோரும் இயக்கம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 2014 முதல் வலுப்பெற்றது. வாடகையும் வீட்டு விலையும் எட்டாத உயரத்துக்குப் போனதற்கு வீடுகளின் பற்றாக்குறையே முதற்காரணம் என்பதும், அந்தப் பற்றாக்குறை பெரும்பாலும் உள்ளூர் விதிகளால் உண்டாக்கப்பட்டது என்பதும் இதன் அடிப்படை வாதங்கள்.

பெயர்

'என் வீட்டுக் கொல்லையில் வேண்டாம்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் சேர்ந்து 'நிம்பி' ஆயின. ஊருக்குத் தேவையானதைக் கட்டுங்கள், ஆனால் எங்கள் தெருவில் கட்டாதீர்கள் என்போரைக் குறிக்க 1980களில் இச்சொல் பரவியது. அதற்கு மறுமொழியாக, 'என் வீட்டுக் கொல்லையிலேயே வரட்டும்' என்ற தொடரிலிருந்து 'யிம்பி' பிறந்தது.

பின்னணி

வளைகுடாப் பகுதியைச் சேர்ந்த பெர்க்லி நகரம் 1916இல் சில பகுதிகளைத் தனிவீடுகளுக்கு மட்டும் என ஒதுக்கியது. அமெரிக்காவில் இத்தகைய மண்டல விதிகளுக்கு இது முன்னோடி. ஒரு மனையில் ஒரு குடும்பத்துக்கு ஒரே வீடு என்றால், மனையின் முழு விலையையும் தனியாகச் சுமக்க வல்லவருக்கே அங்கே இடம். இனத்தை வைத்து மண்டலம் பிரிப்பது செல்லாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1917இல் தீர்ப்பளித்தது. இனத்தின் பெயரைச் சொல்லாமலே கறுப்பினத்தவரையும் ஏழைகளையும் விலக்கிவைக்கும் வேலையைத் தனிவீட்டு மண்டலம் செய்தது. இந்த வரலாற்றை பெர்க்லி நகரமன்றமே 2021இல் தன் தீர்மானத்தில் ஒப்புக்கொண்டது.

1970களில் தடைகள் பெருகின. அரசுத் திட்டங்களுக்கு முன்கூட்டியே சுற்றுச்சூழல் ஆய்வைக் கோரி 1970இல் வந்த மாநிலச் சுற்றுச்சூழல் தரச் சட்டம், 1972இல் மாநில உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் தனியார் கட்டடங்களுக்கும் விரிந்தது. ஒரு குடியிருப்பை எதிர்ப்பவர் இச்சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்து அதை ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைக்க முடிந்தது. 1978இல் சான் பிரான்சிஸ்கோ தன் குடியிருப்புப் பகுதிகளில் பெரும்பாலானவற்றுக்கு 40 அடி உயர வரம்பு விதித்தது. அதே ஆண்டில் வாக்காளர்கள் ஏற்ற 13ஆம் முன்மொழிவு, வீடு கைமாறும் வரை, சொத்து வரி விதிக்கப்படும் மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயரக்கூடாது என்றது. வீட்டு விலை எவ்வளவு ஏறினாலும் பழைய உரிமையாளரின் வரி அதற்கேற்ப ஏறவில்லை. பற்றாக்குறையின் வலி வாடகைதாரருக்கும் புதிதாக வருவோருக்கும் மட்டுமே எஞ்சியது. கலிஃபோர்னியாவில் ஒரு வீட்டின் விலை நாட்டுச் சராசரியைப்போல் இரண்டரை மடங்கு என்று மாநிலச் சட்டமன்ற ஆய்வகம் 2015இல் கணக்கிட்டது.

தோற்றம்

நகரத் திட்டக்குழுவின் பொது விசாரணைகளுக்கு வழக்கமாக வருபவர்கள் எதிர்ப்பாளர்கள். நிழல் விழும், வண்டி நிறுத்த இடம் போதாது, தெருவின் தன்மை மாறிவிடும் என்று அவர்கள் பேசுவார்கள். அந்தக் கட்டடத்தில் நாளை குடியேறப் போகிறவர் யாரென்று இன்று எவருக்கும் தெரியாது. எனவே அவருக்காகப் பேச ஆள் இருந்ததில்லை. 2014இல் கணித ஆசிரியை சோன்யா டிராஸ் இந்த வெற்றிடத்தை நிரப்ப முற்பட்டார். வளைகுடாப் பகுதி வாடகைதாரர் கூட்டமைப்பைத் தொடங்கி, எந்தக் குடியிருப்புத் திட்டம் விசாரணைக்கு வந்தாலும் அதை ஆதரித்துக் கடிதம் எழுதினார், நேரில் சென்று பேசினார். வாடகை கொடுத்து மாளாத இளைஞர்கள் அவருடன் சேர்ந்தனர். 2016இல் கொலராடோவின் போல்டர் நகரில் முதல் தேசிய மாநாடு கூடியது. 2017இல் 'கலிஃபோர்னியா யிம்பி' அமைப்பு உருவாகி, மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவில் சட்டங்களுக்காகப் பணியாற்றத் தொடங்கியது.

லாஃபயெட் வழக்கு

லாஃபயெட் என்ற புறநகரில் 2011இல் 315 அடுக்குமாடி வீடுகளுக்கு விண்ணப்பம் வந்தது. எதிர்ப்பு வலுக்கவே, திட்டம் 44 தனிவீடுகளாகச் சுருங்கியது. விதிகளுக்கு உட்பட்ட குடியிருப்பை நகரங்கள் காரணமின்றி மறுக்கவோ சுருக்கவோ கூடாது என்று 1982ஆம் ஆண்டிலிருந்தே மாநிலச் சட்டம் ஒன்று இருந்தது. பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்த அதை எடுத்துக்கொண்டு டிராஸின் குழு 2015இல் நகரின்மீது வழக்குத் தொடுத்தது. வழக்கால் உடனடி மாற்றம் வரவில்லை. ஆனால் 2018இல் ஊர்மக்கள் வாக்கெடுப்பில் அந்த 44 வீடுகளையும் நிராகரிக்க, பழைய திட்டம் உயிர்பெற்றது. 2017இல் மாநிலம் அந்தச் சட்டத்தைக் கடுமையாக்கியிருந்ததால் நகருக்கு மறுக்க வழியில்லை. 2020இல் 315 வீடுகளுக்கும் அனுமதி கிடைத்தது.

சட்டமன்றத்தில்

இயக்கத்தின் முதன்மைக் கூட்டாளி, சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த மாநில செனட் உறுப்பினர் ஸ்காட் வீனர். மாநிலம் நிர்ணயித்த வீட்டு இலக்கில் பின்தங்கிய நகரங்கள், விதிகளுக்குப் பொருந்தும் திட்டங்களை விசாரணையின்றியே அனுமதிக்க வேண்டும் என்ற அவரது 35ஆம் மசோதா 2017இல் சட்டமானது. போக்குவரத்து நிலையங்களை ஒட்டி உயரமான குடியிருப்புகளை அனுமதிக்கும் மசோதா 2018இல் குழுநிலையிலேயே தோற்றது. அதன் அடுத்த வடிவம் 2020 ஜனவரியில் செனட்டில் 18 வாக்குகள் பெற்றும், தேவையான 21 கிட்டாமல் வீழ்ந்தது. 2021இல் வந்த 9ஆம் மசோதா, தனிவீட்டு மனையை இரண்டாகப் பிரித்து நான்கு வீடுகள் வரை கட்ட வழிசெய்தது. 2025இல் நகர்ப்புறக் குடியிருப்புகள் பலவற்றுக்குச் சுற்றுச்சூழல் ஆய்விலிருந்து விலக்களிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், இருமுறை தோற்ற நிலையக் குடியிருப்புத் திட்டமும் 79ஆம் மசோதாவாகச் சட்டமானது.

விமர்சனங்கள்

உள்ளூர் அதிகாரம் பறிபோகிறது என்பது நகரமன்றங்களின் குறை. வாடகைதாரர் அமைப்புகள் பலவற்றின் அச்சம் வேறு: சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் போன்ற எளியோர் பகுதிகளில் புதிய விலையுயர்ந்த கட்டடங்கள் எழுந்தால் பழைய குடிகள் விரட்டப்படுவார்கள் என்பது. தொழில்நுட்ப நிறுவனங்களின் நன்கொடையும் ஐயத்தை வளர்த்தது. ஸ்ட்ரைப் நிறுவனம் 2018இல் 'கலிஃபோர்னியா யிம்பி' அமைப்புக்கு 10 லட்சம் டாலர் தந்தது. புது வீட்டுக்குப் போகும் ஒருவர் தம் பழைய வீட்டை இன்னொருவருக்கு விட்டுச் செல்கிறார், எனவே எந்த வீடும் நெருக்கடியைக் குறைக்கும் என்பது யிம்பிகளின் பதில். ஆயினும் மிகக் குறைந்த வருமானமுள்ளோருக்குச் சந்தை தானாகக் கட்டித் தருவதில்லை. மானிய வீடுகளும் வெளியேற்றத்துக்கு எதிரான காப்பும் இல்லாமல் அவர்களுக்கு விடிவில்லை. பிற்காலச் சட்டங்கள் பலவற்றில் குறைந்த வருமானத்தினருக்கான ஒதுக்கீடும் வாடகைதாரர் பாதுகாப்பும் சேர்ந்ததற்கு இந்த எதிர்ப்புக்கும் பங்குண்டு.

பிற இடங்களும் இன்றைய நிலையும்

2018இல் மின்னியாபொலிஸ் நகரமும் 2019இல் ஓரிகன் மாநிலமும் தனிவீட்டு மண்டலத்தைத் தளர்த்தின. நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016இல் தன் குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கில் அடர்த்தியை உயர்த்த, கட்டட அனுமதிகள் வெகுவாகப் பெருகின. கலிஃபோர்னியாவில் சட்டங்கள் மாறிய வேகத்துக்கு வீடுகள் எழவில்லை. எட்டு ஆண்டுகளில் 25 லட்சம் வீடுகள் என்பது மாநிலத்தின் இலக்கு; அதற்கு ஆண்டுக்கு 3 லட்சத்துக்கு மேல் வேண்டும், அனுமதி பெறுவதோ 1 லட்சத்தைச் சற்றே தாண்டுகிறது. வட்டியும் கட்டுமானச் செலவும் இன்று பெருந்தடைகள். விசாரணை அரங்கில் இடமில்லாதிருந்தவருக்கு இவ்வியக்கம் சட்டத்தில் இடம் பெற்றுத் தந்திருக்கிறது. அவர் குடியேற வேண்டிய வீடுகளில் பெரும்பாலானவை இன்னும் கட்டப்படவில்லை.