திருக்கயிலை யாத்திரை: வழியும் வழித்துணையும்

சிவபெருமான் எழுந்தருளியுள்ள தலங்கள் பலவற்றுள்ளும் அடைதற்கு மிக அரியது திருக்கயிலாயம். திபேத்தின் மேற்குப் பகுதியில், மானசரோவர் ஏரிக்கு வடபால், 6,600 மீட்டருக்கு மேல் உயர்ந்து வெள்ளியங்கிரி என்னும் பெயருக்கேற்பத் திகழ்வது அது. அச்சிகரத்தின்மீது ஏறுவார் இலர். அடிவாரத்தைச் சுற்றி வலம் வருதலே அங்கு வழிபாடு. வலம் வரும் வழி ஏறத்தாழ 52 கிலோமீட்டர். அவ்வழியின் உச்சியாகிய டோல்மா கணவாய் 5,600 மீட்டர் உயரத்தது. கடற்கரையில் ஒரு மூச்சில் நாம் பெறும் உயிர்வளியில் ஏறத்தாழப் பாதியே அங்குக் கிட்டும். ஆதலின் அங்குச் செல்லக் கருதுவார்க்கு அன்போடு ஆயத்தமும் வேண்டும். இதனை அந்த யாத்திரையின் வரலாறே நமக்கு உணர்த்துகின்றது.

கயிலை யாத்திரை என்றவுடன் தமிழர் நெஞ்சில் முதற்கண் தோன்றுபவர் திருநாவுக்கரசு சுவாமிகளே. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பெருந்தகையார் முதுமைப் பருவத்தில் திருக்காளத்தியையும் திருப்பருப்பதத்தையும் வணங்கி வடக்கே சென்று வாரணாசியை அடைந்தார் என்றும், உடன் வந்த அடியார்களை அங்கேயே விடுத்துத் தாம் ஒருவராய்க் காட்டுவழி புகுந்தார் என்றும் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைக்கின்றார். பாதங்கள் தேய்ந்தன, கைகளால் தவழ்ந்தார், கைகளும் தேய, மார்பினால் உந்திச் சென்றார், அதுவும் இயலாதாகவே உருண்டு சென்றார். தமக்கென ஓர் உடம்பு உண்டென்பதையே மறந்த அன்பு அது. அவ்வன்பு நாம் வணங்குதற்குரியது. எனினும் நாமும் அவ்வாறே துணையின்றிச் செல்லலாம் எனத் துணிதல் பொருந்துமோ?

பிற்காலத்தில் அடியார்கள் கூட்டமாகவே சென்றனர். குமாவோன் மலைநாட்டில் அல்மோராவிலிருந்து தார்ச்சுலா, கர்ப்யாங் வழியாக லிபுலேக் கணவாயைக் கடந்து தக்லகோட் சேர்வது பழைய வழி. உப்பும் கம்பளியும் தானியமும் மாற்றிக்கொள்ளும் மலைவாணிகர் நடந்து நடந்து இட்ட தடம் அது. அவர்தம் பொதிமாடுகளும் வழியறிவும் யாத்திரிகர்க்குப் பேருதவியாயின. கள்வர் அச்சமும் பனியின் கொடுமையும் கருதி, ஒருவரை ஒருவர் பிரியாது செல்லுதல் வழக்காயிற்று. ஆந்திர நாட்டிற் பிறந்த சுவாமி பிரணவானந்தர் அப்புனித நிலத்திற்குப் பன்முறை சென்று தங்கி, 1949இல் கயிலை மானசரோவர் குறித்துப் பெருநூல் ஒன்று வெளியிட்டார். தங்குமிடங்களையும் அவற்றின் இடைத்தூரங்களையும் யாத்திரிகர் பொருட்டு முறைப்படுத்தித் தந்த அந்நூலுக்கு முன்னுரை வழங்கியவர் பண்டித நேரு. பின்வருவோர்க்கு வழி எழுதிவைத்தலும் ஒரு திருத்தொண்டே அன்றோ?

1954இல் இந்தியாவும் சீனாவும் செய்துகொண்ட உடன்படிக்கை, வழக்கப்படி யாத்திரை சென்றுவர இடமளித்தது. 1962இல் அவ்வுடன்படிக்கையின் காலம் முடிந்தது. அவ்வாண்டே போரும் மூண்டது. வழி அடைபட்டது. மீண்டும் 1981இல்தான் இந்திய அரசின் ஏற்பாட்டில் லிபுலேக் வழி திறக்கப்பெற்றது. 2015இல் சிக்கிமின் நாதுலா கணவாய் வழியும் சேர்ந்தது.

அரசு நடத்தும் இவ்யாத்திரையின் ஒழுங்குமுறை நாம் கருதத்தக்கது. 18 வயதுக்குக் குறைந்தோரும் 70 வயதைக் கடந்தோரும் சேர்க்கப்படுவதில்லை. தில்லியில் ஒருமுறையும், மலைமேல் ஏறிய பின்னர் மற்றொருமுறையும் மருத்துவர் உடலைச் சோதிப்பர். குழுவுக்கு அரசு அலுவலர் ஒருவர் துணை வருவார். உணவு, பொதி, பொதுப்பணம் ஆகியவற்றைக் கவனிக்க யாத்திரிகர் தமக்குள்ளே சிலரைத் தெரிந்தெடுத்துக்கொள்வர். தலைநோவையும் மூச்சுத் திணறலையும் மறைப்பது வீரமன்று. உடனே உரைத்துக் கீழே இறங்குதலே உயிர் காக்கும் நெறி. ஒருவர் மறைத்த நோய் குழு முழுவதையும் இடருக்குள்ளாக்கும். விரைந்து நடப்பவர் நடையை அளவாகக் கொள்ளாது, தளர்ந்து வருபவர் நடையை அளவாகக் கொண்டு செல்வதே அடியார் கூட்டத்திற்கு அழகு.

இவ்வளவு ஏற்பாட்டையும் மீறி இயற்கை சீறுவதும் உண்டு. 1998 ஆகஸ்டு மாதத்தில் மால்பா என்னுமிடத்தில் நள்ளிரவில் மலை சரிந்தது. அங்குத் தங்கியிருந்த யாத்திரிகர் ஏறத்தாழ 60 பேர் உட்பட 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வான்மாக்களை நினையாது இவ்வரலாற்றைச் சொல்லுதல் முறையன்று. 2020இல் லிபுலேக்கை நோக்கி மலையைக் குடைந்து அமைத்த ஊர்திச் சாலை திறக்கப்பெற்றது. எனினும் பெருந்தொற்று முதலிய காரணங்களால் 2020 முதல் நின்றிருந்த யாத்திரை, 2025இல்தான் மீண்டும் நடைபெற்றது. பல நாள் நடந்த வழியை ஊர்தி சில மணியில் கடக்கின்றது. ஆனால் உடம்பு உயரத்திற்குப் பழக அன்று வேண்டிய நாட்களே இன்றும் வேண்டும். சாலை வந்ததனால் பொறுமை வேண்டாததாகிவிடவில்லை.

ஆயத்தம் அனைத்தும் செய்தும், மருத்துவர் சொல்லால் பாதிவழியில் திரும்புவோர் உளர். அவர்கள் பேறிழந்தவரோ? அல்லர். அப்பரடிகளையே பெருமான் ஒரு முனிவராய் வந்து தடுத்து, பொய்கையில் மூழ்குவித்துத் திருவையாற்றில் எழச்செய்தார். கயிலைக் காட்சியைக் காவிரிக் கரையிலேயே காட்டியருளினார். திருப்பி அனுப்பியதும் திருவருளே! ஆடி அமாவாசைதோறும் திருவையாற்றில் அக்காட்சி விழாவாகக் கொண்டாடப்பெறுகின்றது. முதலாம் இராசராசனின் தேவியாராகிய உலோகமாதேவியார் அத்தலத்தில் வட கயிலாயம் என்னும் கற்றளியை எடுப்பித்தார். நெடுவழி செல்ல இயலாத முதியோர்க்கும் பிணியாளர்க்கும் கயிலையை அண்மையில் அமைத்துத் தந்த அறம் அது.

இத்திருக்கோயில் திருப்பணிக்குப் பொருளும் உழைப்பும் ஈந்த அன்பர்கள் செய்ததும் அவ்வறமே. செல்ல வல்லவர் துணையோடும் ஆயத்தத்தோடும் கயிலை சென்று வருக. இயலாதவர் இங்குக் குடமுழுக்குக் கண்ட விமானத்தையே கயிலையெனக் கண்டு வலம் வருக. இருவர்க்கும் அருள்பவன் ஒருவனே.

சிவம் பெருகுக!