வீட்டினுள் ஓடும் கம்பி: இணைப்புப் பெருக்கமும் உடைமையுறவும் பற்றிய சில வரலாற்றுக் குறிப்புகள்

தொழினுட்ப வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வாழ்க்கை வரலாற்றையே எழுதிவிடுகின்றனர். கணினி வலையமைப்பின் வரலாறும் இதற்கு விலக்கன்று. இன்று ஒரு வீட்டில் நான்கு துளைகளையுடைய ரவுட்டர் போதாதவிடத்து, எட்டுத் துளைகளையுடைய சுவிற்ச் ஒன்றை வாங்கி, அதன் ஒரு துளையை ரவுட்டரின் ஒரு துளையுடன் இணைத்துவிட்டால், மொத்தம் பத்துக் கருவிகளைக் கம்பிவழி இணைத்துக்கொள்ளலாம். எவரது அனுமதியும் வேண்டியதில்லை. மாதக் கட்டணமும் இல்லை. இது வெறும் பொறியியல் வசதியாகவே தோன்றுகின்றது. ஆயின், சொந்தச் சுவருக்குள் இன்னுமொரு கம்பியை இழுத்துக்கொள்ளும் உரிமை, இத்தொழினுட்பம் உருவான ஐக்கிய அமெரிக்காவிலே, முப்பதாண்டுக்கு மேல் நீடித்த பிணக்கொன்றின் விளைவாகும். அப்பிணக்கை விடுத்து ஈதர்நெற்றின் கதையை மட்டும் கூறுதல் அரைகுறையானது என்பதே நமது கருத்து.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்க வீடுகளிற் பெரும்பாலானவற்றிலிருந்த தொலைபேசி வீட்டுக்காரருக்குச் சொந்தமானதன்று. கருவி, கம்பி, சுவரிற் பொருத்திய பெட்டி ஆகிய யாவும் ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனத்தின் தலைமையிலமைந்த பெல் குழுமத்தின் உடைமைகள். சமையலறைத் தொலைபேசிக்கு மேலதிகமாகப் படுக்கையறையில் இன்னொன்று வேண்டுமெனின் அதற்குத் தனியான மாத வாடகை. கள்ளமாக இரண்டாவது கருவியை இணைத்தோர் அதன் மணியின் கம்பியைக் கழற்றிவிடுவது வழக்கம். மணிகளின் மின்சுமையைக் கொண்டே, ஒரு வீட்டில் எத்தனை கருவிகள் உள்ளன என்பதை நிறுவனம் தூரத்திலிருந்து அளந்துவிடக்கூடியதாயிருந்தமையே இதற்குக் காரணம். வீட்டினுள்ளே ஒலிக்கும் மணியைக்கூட எண்ணிக் கணக்கிட்ட ஏகபோகம் அது.

இந்நிலைக்குக் கூறப்பட்ட நியாயம் ‘வலையமைப்பின் பாதுகாப்பு’ என்பதாகும். அந்நியக் கருவி எதுவும் இணைக்கப்படலாகாது என்ற கட்டண விதி எவ்வளவு தூரம் சென்றதெனில், பேசுவோரின் குரல் அயலாருக்குக் கேளாதவாறு தொலைபேசியின் வாய்ப்புறத்திற் பொருத்தும் ‘ஹஷ்-எ-போன்’ என்ற கிண்ணம் போன்ற மூடியும் அதன்கீழ்த் தடைசெய்யப்பட்டது. மின்சாரத் தொடர்பு எதுவுமற்ற அம்மூடிக்காக நடந்த வழக்கிலே 1956இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1968இல் ‘காற்றர்போன்’ பற்றிய முடிவின்போது கூட்டிணைப்புத் தொடர்பாடல் ஆணைக்குழு அக்கட்டண விதியையே செல்லாதென்றது. 1975இல் வகுக்கப்பட்ட கருவிப் பதிவு விதிகள் வழக்குகளைத் தாண்டி 1977இல் உறுதிப்பட்டன. எவரும் வாங்கிச் செருகத்தக்க பொதுவான பிளக்கும் ஜாக்கும் இவ்விதிகளால் வீடுகளிற் பரவின. இன்று கணினிக் கம்பியின் நுனியிலுள்ள எட்டுமுனைப் பிளக்கை ‘ஆர்.ஜே. 45’ என வழங்குகின்றோம். ‘பதிவுசெய்யப்பட்ட ஜாக்’ எனப் பொருள்படும் இப்பெயர் அவ்விதிகளின் எச்சமாகும்.

இதே காலப்பகுதியில், கலிபோர்ணியாவின் சேரொக்ஸ் ஆய்வுகூடத்தில் றொபேட் மெற்காபியும் டேவிட் பொக்ஸும் வேறொரு கம்பியை அமைத்துக்கொண்டிருந்தனர். 1973 மே 22ஆந் திகதிய குறிப்பொன்றிலே மெற்காபி ஈதர்நெற் என்ற பெயரைப் பயன்படுத்தினார். ஒரே தடித்த கேபிள். அதிலே எல்லாக் கணினிகளும் தொங்கும். யாரும் பேசாதபோது ஒருவர் பேசலாம். இருவர் ஒருங்கே பேசி மோதினால் இருவரும் நிறுத்தி, எழுமாறான கால இடைவெளிக்குப்பின் மீண்டும் முயலவேண்டும். 1980இல் சேரொக்ஸ், இன்ரெல், டிஜிற்றல் ஆகிய நிறுவனங்கள் வெளியிட்ட வரையறையின்படி செக்கனுக்கு 10 மெகாபிற் வேகம். 500 மீற்றர் நீளமான கேபிளில் இரண்டரை மீற்றருக்கொன்றாக, நூறு இணைப்புக்கள்வரை கொடுக்கலாம். பின்னர் வந்த மெல்லிய கேபிள் மலிவானதெனினும், ஓரிடத்தில் அறுந்தால் அத்துண்டிலிருந்த அனைவரது தொடர்பும் அற்றுப்போகும். புதிய இணைப்பொன்றைச் சேர்ப்பதென்றால் வழமையாக அனைவரும் சற்றுநேரம் வேலையை நிறுத்தவேண்டியிருந்தது. வீடுகளுக்கு ஒவ்வாத அமைப்பு இது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்விரு வரலாறுகளும் சந்திக்கும் இடமே நமது கவனத்துக்குரியது. அமெரிக்க அலுவலகக் கட்டடங்களின் சுவர்களுக்குள் முறுக்கிய இணைக்கம்பிகள் ஏற்கெனவே நிறைந்து கிடந்தன. இரு கம்பிகளை முறுக்கினால் அயற்கம்பிகளின் குறுக்கீடு குறையும் என்பதற்கு அலெக்சாண்டர் கிறகாம் பெல் 1881இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். 1984 ஜனவரி முதலாந் திகதி பெல் குழுமம் உடைக்கப்பட்டது. 1987 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் உள்ளகக் கம்பியமைப்பைப் பொருத்துவதும் பராமரிப்பதும் கட்டண ஒழுங்குவிதிகளினின்று விடுவிக்கப்பட்டன. அதே 1987இல் சேரொக்ஸிலிருந்து பிரிந்தோர் தொடங்கிய சினொப்ரிக்ஸ் நிறுவனம், தொலைபேசிக் கம்பிவழியே 10 மெகாபிற் ஈதர்நெற்றைச் செலுத்தும் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இவ்வுடனிகழ்வைத் தற்செயலென்று கொள்வோர் கொள்க. கம்பியின் மீதான ஏகபோகம் தளராதவிடத்து, அதனை வேறொரு தேவைக்குப் பயன்படுத்தும் கருவிக்கு இவ்வளவு பெரிய சந்தை தோன்றியிராது என்றே நாம் கருதுகின்றோம்.

1990இல் நியமமாக்கப்பட்ட இம்முறையில் பிளக்கின் 1, 2, 3, 6 ஆகிய முனைகள் மட்டுமே கணினிக்குரியன. நடுவிலுள்ள 4ஆம், 5ஆம் முனைகள் தொலைபேசி வழமையாக அமரும் இடம், அவை தொடப்படவில்லை. பழைய உடைமையாளர் வெளியேறிய பின்னரும் அவருக்கென நாற்காலி விடப்பட்டிருந்தது போலும். 1999இல் செக்கனுக்கு 1000 மெகாபிற் வேகத்துக்கான நியமம் எட்டு முனைகளையும் எடுத்துக்கொண்டபோதே அவ்விடமும் நிரம்பியது.

சுவிற்ச் இதன் பின் வந்த இயல்பான வளர்ச்சி. முன்னிருந்த ‘ஹப்’ ஒரு துளையில் வந்ததை ஏனைய எல்லாத் துளைகளுக்கும் அனுப்பியது. சுவிற்ச் உரிய துளைக்கு மட்டும் அனுப்பும். 1990இல் கல்பனா என்ற சிறு நிறுவனம் வெளியிட்ட ஏழு துளைச் சுவிற்ச் இத்துறையின் முன்னோடி. 1994இல் சிஸ்கோ அதனை விழுங்கியது. ஒரு சுவிற்சின் இரு துளைகளை ஒரே கம்பியால் தொடுத்துவிட்டால் செய்தி முடிவின்றிச் சுழன்று வலையமைப்பே திணறும் என்பதையும் குறிப்பிடலாம். இதற்கு 1985இல் தீர்வு கண்ட றடியா பேர்ல்மன் அதனைக் கவிதையாகவும் எழுதினார். இலக்கிய மாணவருக்கு உவப்பான செய்தியே. எனினும் வீடுகளிற் பயன்படும் மலிவான சுவிற்சுகளிற் பல அத்தீர்வின்றியே விற்கப்படுகின்றன.

பெல் குழுமத்தின் வாடகை மனோபாவம் அதனோடு அழிந்துவிடவில்லை. 1987இன் பின் தொலைபேசி நிறுவனங்கள், வீட்டுக்காரரின் கம்பியையே பராமரிப்பதற்கென மாதச் சந்தா கேட்டன. இணையச் சேவை வழங்கிய நிறுவனங்கள் சில, இரண்டாவது கணினிக்கு மேலதிகக் கட்டணம் விதித்தன. படுக்கையறைத் தொலைபேசியின் மறுபிறப்பு இது. ஒரே முகவரியின் பின்னே பல கணினிகளை வைக்கும் முறை 1994இல் விவரிக்கப்பட்டது. அது முகவரித் தட்டுப்பாட்டுக்கெனத் தோன்றியதேயாயினும், வீட்டு ரவுட்டரில் அமைந்தபோது கழற்றிய மணியின் வேலையைச் செய்தது. உள்ளே எத்தனை கருவிகள் உள்ளன என்பது வெளியே எளிதிற் புலப்படவில்லை.

இவ்விடுதலைக்கு இன்னொரு முகமும் உண்டு. முன்னர் கம்பியிழுத்தவர் தொழிற்சங்கத்தில் ஒழுங்கமைந்த தொழிலாளி. குழுமம் உடைவதற்குச் சில மாதங்களின் முன், 1983 ஓகஸ்டில், இலட்சக்கணக்கான தொலைபேசித் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்திருந்தனர். இன்று அவ்வேலையின் ஒரு பகுதியை வீட்டுக்காரரே ஊதியமின்றிச் செய்கின்றார். சுவரைத் துளைக்க உரிமையற்ற வாடகைக் குடியிருப்பாளருக்கோ இவ்வுரிமை முழுமையாகக் கிட்டவில்லை. தொலைக்காட்சிக் கேபிளிலும் மின்சாரக் கம்பியிலும் தரவைச் செலுத்தும் கருவிகளுக்கு அவர் பழகிக்கொண்டார். அல்லது சுவரோரமாக, கதவிடுக்கினூடே, தட்டையான கம்பியொன்றை இழுத்து, வீடு மாறும்போது அதைச் சுருட்டி எடுத்துச் செல்கின்றார்.