வெளிநாட்டுச் சுருட்டு: 25 வரை ஓகே... 26-வது சுருட்டுக்கு எவ்வளவு வரி தெரியுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை, ஆந்திர எல்லையைத் தாண்டினால் ஸ்ரீசிட்டி. இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வெளிநாட்டுப் பயணம் என்பது இப்போது பெரிய விஷயமே இல்லை. டிரெயினிங், மெஷின் இன்ஸ்பெக்‌ஷன், கண்காட்சி என்று போகிறவர்கள் திரும்பும்போது மேனேஜருக்கோ கஸ்டமருக்கோ ஏதாவது வாங்கி வருவார்கள். சாக்லேட் என்றால் பிரச்னை இல்லை. துபாய் ஏர்போர்ட் கடையில் மரப்பெட்டிக்குள் அழகாக அடுக்கி வைத்திருக்கும் சுருட்டு என்றால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

'டூட்டி ஃப்ரீ கடையிலதானே வாங்கினேன், அப்புறம் எதுக்கு வரி?' என்று கேட்பவர்கள் நிறைய பேர். துபாய் கடையில் விட்டுக்கொடுப்பது துபாய் வரியை மட்டும்தான். இந்தியாவுக்குள் நுழையும்போது இந்தியச் சுங்க வரி தனி. சுருட்டைப் பொறுத்தவரை ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் புரிந்துவிடும். அது எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதை வைத்துத்தான் வரி. ஒரே சுருட்டு பயணியின் பையில் வந்தால் ஒரு கணக்கு, கூரியரிலோ கப்பலிலோ வந்தால் வேறு கணக்கு.

பையில் கொண்டு வந்தால்?

விமானப் பயணி ஒருவர் 25 சுருட்டு வரை வரி இல்லாமல் கொண்டு வரலாம். சிகரெட் என்றால் 100, வெறும் புகையிலை என்றால் 125 கிராம். இதில் கவனிக்க வேண்டிய வார்த்தை 'அல்லது'. மூன்றில் ஒன்றுதான். 25 சுருட்டும் வச்சுக்கிட்டு 100 சிகரெட்டும் வச்சுக்க முடியாது.

பலரும் கோட்டை விடுவது அடுத்த இடத்தில். இந்த 25 சுருட்டும் பயணிக்கு உள்ள மொத்த மதிப்பு வரம்புக்குள் அடங்க வேண்டும். இந்தியாவில் வசிப்பவர்களுக்கு இந்த வரம்பு 2016-ம் ஆண்டு விதிகளின்படி 50,000 ரூபாயாக இருந்தது. 2026 பிப்ரவரியில் வந்த புதிய பேக்கேஜ் விதிகள் அதை 75,000 ரூபாயாக உயர்த்தின. இங்கேயே தங்கி வேலை பார்க்கும் கொரிய, ஜப்பானிய இன்ஜினீயர்களுக்கும் இதே வரம்புதான். சுற்றுலா விசாவில் வரும் வெளிநாட்டவருக்கு மட்டும் 25,000 ரூபாய்.

ஒரு கணக்கு பார்க்கலாம். பெட்டியில் 25 சுருட்டு, ஒன்று 2,000 ரூபாய் என்றால் பெட்டி 50,000 ரூபாய். அதோடு 40,000 ரூபாய்க்குப் புது போனும் வாங்கியிருந்தால் மொத்தம் 90,000. வரம்பைத் தாண்டிய 15,000 ரூபாய்க்கு 38.5% வரி, அதாவது 5,775 ரூபாய். இது 35% அடிப்படை வரியும், அந்த வரியின் மேல் 10% சமூக நல கூடுதல் வரியும் சேர்ந்தது. (18 வயது நிரம்பியவர்கள் கொண்டு வரும் ஒரு லேப்டாப் இந்தக் கணக்கில் வராது. அதற்குத் தனிச் சலுகை.)

எண்ணிக்கை 25-ஐத் தாண்டினால் நிலைமையே வேறு. 26-வது சுருட்டுக்கு அந்த 35% சலுகை கிடையாது. 100% அடிப்படை வரி, அதன் மேல் 10% கூடுதல் வரி என 110% கட்ட வேண்டும். மேலே சொன்ன அதே பெட்டியில் இரண்டு கொண்டு வந்தால், இரண்டாவது பெட்டிக்கு வரி மட்டும் 55,000 ரூபாய். வாங்கிய விலையை விட வரி அதிகம்! ஆஃபரில் இரண்டு பெட்டியாக வாங்கியவர்கள் அந்த ஆஃபரை மீனம்பாக்கத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவதாகத்தான் அர்த்தம்.

பில் கையில் இருப்பது நல்லது. இல்லாவிட்டால் மதிப்பை அதிகாரிதான் முடிவு செய்வார். அதிகம் இருக்கிறது என்று தெரிந்தால் ரெட் சேனல் வழியாகப் போய், வாய்விட்டுச் சொல்லி, வரி கட்டி ரசீது வாங்கிக்கொள்ளலாம். கிரீன் சேனலில் நைசாக நடந்து மாட்டினால் சுங்கச் சட்டத்தின் 111-வது பிரிவில் பறிமுதல், 112-வது பிரிவில் அபராதம். பொருள் திரும்ப வேண்டும் என்றால் 125-வது பிரிவின்படி மீட்புத் தொகை கட்ட வேண்டும். அதைக் கட்டினாலும் வரி தள்ளுபடி ஆகாது, அதையும் கட்டணும்.

இன்னொன்று. இ-சிகரெட், வேப் போன்றவற்றுக்கு இந்த 25, 100 கணக்கெல்லாம் கிடையவே கிடையாது. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி அவற்றை இறக்குமதி செய்யவே தடை. வரி கட்டினாலும் கொண்டு வர முடியாது.

கூரியரில் பரிசாக வந்தால்?

வெளிநாட்டு நண்பரோ சப்ளையரோ அன்பாக ஒரு பெட்டி அனுப்பி வைக்கிறார். 'கிஃப்ட்' என்று எழுதிவிட்டால் வரி இல்லை என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. ஒரு காலத்தில் 5,000 ரூபாய் வரையான பரிசுக்குச் சலுகை இருந்தது உண்மைதான். 2019 டிசம்பரில் மத்திய அரசு அதை நிறுத்திவிட்டது. இப்போது ராக்கி கயிறு, உயிர் காக்கும் மருந்து தவிர மற்ற பரிசுகளுக்கு முழு வரி. பயணிக்கான 25 சுருட்டுச் சலுகையும் கூரியருக்குப் பொருந்தாது. சலுகை பயணிக்குத்தான், பார்சலுக்கு இல்லை.

சிப்காட் பக்கம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. பார்சல் வீட்டு முகவரிக்கு வராமல் ஃபேக்டரி முகவரிக்கு, கம்பெனி பெயரில் வந்தால், இறக்குமதியாளர் என்ற இடத்தில் கம்பெனி பெயர்தான் ஏறும். அனுப்பியவர் சுருட்டை 'சாம்பிள்' என்றோ 'ஸ்பேர் பார்ட்ஸ்' என்றோ எழுதியிருந்தால், தவறான தகவலுக்குப் பதில் சொல்ல வேண்டியது இங்கே இருப்பவர்கள். பரிசு வாங்கியவருக்காக எச்.ஆர்., அக்கவுன்ட்ஸ் எல்லாம் விளக்கம் எழுத வேண்டி வரலாம். அனுப்பும் முன்பே 'வேண்டாம் சார்' என்று சொல்லிவிடுவது சுலபம்.

கப்பலில், விற்பனைக்கு வந்தால்?

திருவள்ளூர் மாவட்டத்திலேயே எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி துறைமுகம் என இரண்டு இருக்கின்றன. வியாபாரத்துக்கு இறக்குமதி செய்பவருக்கு ஐ.இ.சி. எண் வேண்டும், பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்ய வேண்டும். வரி அடுக்கடுக்காக ஏறும். பொருளின் விலையோடு கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேர்ந்ததுதான் அடிப்படை மதிப்பு. அது 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 30% அடிப்படைச் சுங்க வரி 300 ரூபாய், அந்த 300-க்கு 10% சமூக நல கூடுதல் வரி 30 ரூபாய். மொத்தம் 1,330. ஜி.எஸ்.டி. இந்த 1,330-க்கும் சேர்த்துத்தான். 2026 பிப்ரவரி 1 முதல் சுருட்டுக்கு ஜி.எஸ்.டி. 40%. அதாவது 532 ரூபாய். ஆக 1,862.

இத்தோடு முடியவில்லை. உள்நாட்டுச் சுருட்டுக்கு விதிக்கப்படும் கலால் வரிக்கு ஈடாக, இறக்குமதிச் சுருட்டுக்குக் கூடுதல் சுங்க வரி உண்டு. அதுவும் ஜி.எஸ்.டி. கணக்கில் சேரும். வரிக்கு மேல் வரி என்று சொல்வது இதைத்தான். நம்ம ஊர் உறையூர்ச் சுருட்டுக்குக் கலாலும் ஜி.எஸ்.டி.யும் உண்டே தவிர, சுங்க வரி கிடையாது. வெள்ளைக்காரர் காலத்தில் லண்டன் வரை கப்பலேறிப் போன சரக்கு அது. இப்போது சுருட்டு எதிர்த்திசையில் வருகிறது, அவ்வளவுதான்.

கடையில் வாங்குபவர் எதைப் பார்க்க வேண்டும்?

முறையாக வந்த பெட்டியில் எச்சரிக்கைப் படம் இருக்கும். பாக்கெட்டின் முக்கியப் பக்கங்களில் 85% இடத்தை அது அடைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், இறக்குமதிப் பொருளுக்கும் சேர்த்து. இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதும் அச்சாகியிருக்க வேண்டும். பளபளப்பான வெளிநாட்டுப் பெட்டி, படமும் இல்லை, ரூபாய் விலையும் இல்லை, கடைக்காரர் பில்லும் தர மாட்டேன் என்கிறார் என்றால், மேலே சொன்ன எந்த வரியும் கட்டாமல் வந்த சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம்.

வரியும் கட்ட வேண்டாம், பொருளையும் விட வேண்டாம் என்றால்?

பத்து நாள் வேலையாக கும்மிடிப்பூண்டிக்கு வரும் வெளிநாட்டு இன்ஜினீயர் ஒருவர் தெரியாமல் இரண்டு பெட்டி கொண்டு வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஒரு வழி இருக்கிறது. உண்மையை மறைக்காமல் சொல்லிவிட்டு, கூடுதல் பெட்டியை ஏர்போர்ட்டிலேயே சுங்கத்துறையிடம் ஒப்படைக்கலாம். சுங்கச் சட்டத்தின் 80-வது பிரிவு இதை அனுமதிக்கிறது. நாட்டை விட்டுக் கிளம்பும்போது ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஊருக்குத் திரும்ப வேறு ஏர்போர்ட்டில் டிக்கெட் போட்டிருந்தால், ஒப்படைக்கும்போதே அதையும் அதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும்.