எண்டவர் எஞ்சினும் பத்து நிமிஷக் கணக்கும்

பி.காம். படிக்கிறவனுக்கு டீசல் எஞ்சினில் என்ன வேலை என்று வகுப்பு நண்பர்கள் கேட்பார்கள். வேலை இருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் என்பது வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று சமர்த்தாக வந்து உட்காரும். நிஜ எஞ்சின் அப்படித் தேயாது. ஐந்தாறு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடிவிட்டு, ஆயில் மாற்றிய கையோடு செத்துப்போகிற எஞ்சினும் உண்டு. அப்படி ஒன்று நம்ம ஊர்ப் பக்கத்திலேயே வண்டியில் ஏறி வந்தது. அதைப் பற்றித்தான் இன்றைக்கு.

வண்டி ஃபோர்டு எண்டவர். வெளிநாடுகளில் இதன் பெயர் எவரெஸ்ட். தாம்பரம் தாண்டி, செங்கல்பட்டுக்கு முன்னால், ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கிற மறைமலை நகர் தொழிற்சாலையில் பூட்டப்பட்டது. மகிந்திராவோடு கூட்டு சேர்ந்து 1995-ல் இந்தியாவுக்குத் திரும்பி வந்த ஃபோர்டு, 1999-ல் இங்கே உற்பத்தியைத் தொடங்கியது. முதலில் ஐகான், பிறகு 2003-ல் எண்டவர். அன்றைக்கு அடையாறு, போட் கிளப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் எண்டவர் நின்றால் அந்த வீட்டுக்காரர் யார் என்று விசாரிப்பார்கள். இன்றைக்கு அதே எண்டவர் பழைய வண்டிச் சந்தையில் நடுத்தர வர்க்கத்துக்கும் கைக்கெட்டுகிறது. ஆகையால் அதன் எஞ்சின் சரித்திரம் தெரிந்திருப்பது நல்லது.

முதல் எஞ்சின் 2.5 லிட்டர் டர்போ டீசல், மாஸ்டா கம்பெனியின் வடிவமைப்பு. 110 குதிரைத்திறனை ஒட்டி இருந்தது. அவ்வளவு பெரிய உடம்புக்கு இது போதாது என்று அப்போதே முனகல். ஆனால் பழைய பாணி பம்ப் டீசல் கொடுக்கிற எஞ்சின், மெக்கானிக்குகளுக்குப் புரிந்த எஞ்சின். 2007-ல் காமன் ரெயில் வந்தது. அதாவது எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவாக ஒரு குழாயில் டீசலை மிக அதிக அழுத்தத்தில் தேக்கிவைத்து, எப்போது எவ்வளவு தெளிக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிற முறை. அதே 2.5 லிட்டரில் 143 குதிரைத்திறன், 330 நியூட்டன் மீட்டர். கூடவே 3.0 லிட்டரில் 156 குதிரைத்திறன், 380 நியூட்டன் மீட்டர்.

2016 ஜனவரியில் முற்றிலும் புதிய எண்டவர் வந்தது. 2.2 லிட்டரில் நாலு சிலிண்டர், 160 குதிரைத்திறன், 385 நியூட்டன் மீட்டர். 3.2 லிட்டரில் ஐந்து சிலிண்டர், 200 குதிரைத்திறன், 470 நியூட்டன் மீட்டர். இந்த ஐந்து சிலிண்டர் ஒரு தனிப் பிறவி. இதே எஞ்சின் ரேஞ்சர் பிக்கப்பிலும், மாஸ்டா பி.டி.-50-லும், பவர் ஸ்ட்ரோக் என்ற பெயரில் அமெரிக்காவில் டிரான்சிட் வேனிலும் ஓடியது. சொகுசு எஸ்.யூ.வி. என்று நாம் சொல்வதன் வயிற்றில் இருப்பது சரக்கு வேன் எஞ்சின்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை, உழைக்கப் பிறந்த எஞ்சின் என்கிறேன்.

வந்த நேரம்தான் சரியில்லை. 2015 டிசம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்தில் 2000 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களின் பதிவை நிறுத்தியிருந்தது. எண்டவரின் இரண்டு எஞ்சின்களுமே அதற்கு மேல். மகிந்திரா அவசர அவசரமாக 1.99 லிட்டர் எஞ்சின் செய்து தப்பித்தது. ஃபோர்டு காத்திருந்தது. 2016 ஆகஸ்ட் 12 அன்றுதான், வண்டி விலையில் 1 சதவீதம் கட்டணம் என்ற நிபந்தனையோடு தடை நீங்கியது.

டெல்லிக்கு அந்தத் தடை என்றால் நம் சென்னைக்கு 2015 டிசம்பர் வெள்ளம். புது எண்டவர் 800 மில்லிமீட்டர் தண்ணீரில் போகும் என்று கம்பெனி சொன்னது இங்கே எப்படி இனித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! (டீசல் எஞ்சினுக்குள் காற்று வழியாகத் தண்ணீர் போய்விட்டால் கதை முடிந்தது. தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். இதற்கு இன்சூரன்சில் எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு கூடுதல் பாலிசி எடுக்க வேண்டும். சாதாரண பாலிசியில் பெரும்பாலும் கிடைக்காது.)

சரி, விஷயத்துக்கு வருவோம். 2.2, 3.2 எஞ்சின்களின் பெயர்பெற்ற பலவீனம் ஆயில் பம்ப்பில் இருக்கிறது. தேவைக்கேற்ப ஆயிலைக் கூட்டிக் குறைத்துத் தள்ளும் பம்ப் இது. எரிபொருள் மிச்சமாகட்டும் என்று வைத்தது. சர்வீசில் ஆயிலை வடியவிட்டு ரொம்ப நேரம் அப்படியே விட்டால் பம்ப்புக்குள் இருக்கும் ஆயிலும் இறங்கிவிடும். கிணற்று மோட்டாரில் தண்ணீர் இறங்கிப்போனால் மறுபடி இழுக்காதே, அதே கதை. புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் ஓடும், ஆயில் மட்டும் மேலே ஏறாது. பேரிங் வறண்டு உராய்ந்து, நல்ல எஞ்சின் சர்வீஸ் ஸ்டாண்டிலேயே கெட்டுப்போகும். வடியவிட்டது முதல் பத்து நிமிஷத்துக்குள் மறுபடி நிரப்ப வேண்டும் என்பது ஃபோர்டின் விதி.

நம் ஊர் பழக்கமோ நேர் எதிர். நல்ல மெக்கானிக் என்றால் டிரெயின் நட்டைக் கழற்றிவிட்டு, 'பழைய ஆயில் சொட்டு இல்லாம வடியட்டும்' என்று டீ குடிக்கப் போவார். அம்பாசிடருக்கு அது அக்கறை. இந்த எஞ்சினுக்கு அது கொலை. அவர்மேல் தப்பு சொல்ல எனக்கு மனசு வரவில்லை. முப்பது வருஷ அனுபவம் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்கிறார். விதி கம்பெனியின் சர்வீஸ் கையேட்டில் இருந்தது. வாரண்டி முடிந்து வெளியே வந்த வண்டியோடு அந்தக் கையேடு வருவதில்லை.

3.2-ல் இன்னொரு தொந்தரவு ஈ.ஜி.ஆர். கூலர். புகையில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க, வெளியேறும் புகையில் கொஞ்சத்தைக் குளிரவைத்து மறுபடி உள்ளே அனுப்புவார்கள். குளிர்விக்கிற அந்தப் பெட்டி உள்ளுக்குள் விரிசல் விட்டால் கூலன்ட் எஞ்சினுக்குள் போய்விடும். கீழே ஒரு சொட்டும் ஒழுகாது, ஆனால் கூலன்ட் குறைந்துகொண்டே வரும், சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். கவனிக்காமல் ஓட்டினால் சூடேறி ஹெட்டுக்கு ஆபத்து.

எதிரி வண்டி மட்டும் யோக்கியமா என்றால் இல்லை. 2009-ல் வந்த டொயோட்டா ஃபார்ச்சூனரின் 3.0 லிட்டர் எஞ்சினில் இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செப்பு வாஷர் கசிந்தால், எரிந்த வாயு ஆயிலில் கலந்து கரியாகி, ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். அடுத்த தலைமுறை எஞ்சின்களில் புகைக்கரி வடிகட்டியான டி.பி.எஃப். தகராறு. ஆஸ்திரேலியாவில் 2015 முதல் 2020 வரை விற்ற ஹைலக்ஸ், பிராடோ, ஃபார்ச்சூனர் வண்டிகள் 2.6 லட்சத்துக்கு மேல் குறையுள்ளவை என்று அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்தது. அங்கே மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் தொடர்ந்து ஓட்டினால்தான் வடிகட்டி சரியாக வேலை செய்யவில்லையாம்.

எண்டவருக்கு டி.பி.எஃப். வேறு விதமாகக் கஷ்டம் கொடுக்கிறது. பி.எஸ்.4-லிருந்து பி.எஸ்.5-ஐத் தாண்டி நேராக பி.எஸ்.6-க்கு 2020 ஏப்ரல் 1 அன்று நாடு தாவியது. ஐந்து சிலிண்டருக்கு அதோடு விடை. பதிலுக்கு 1996 சி.சி. எக்கோப்ளூ எஞ்சின், 170 குதிரைத்திறன், 420 நியூட்டன் மீட்டர், பத்து கியர் ஆட்டோமேடிக். சி.சி. குறைந்ததும் வரி குறைந்திருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். எஸ்.யூ.வி. செஸ்ஸுக்கு 4 மீட்டருக்கு மேல் நீளம், 1500 சி.சி.க்கு மேல் எஞ்சின், தரைக்கு மேல் 170 மில்லிமீட்டர் உயரம் என்பதுதான் கணக்கு. 3198 சி.சி.யும் 1996 சி.சி.யும் அந்தச் சட்டத்துக்கு ஒன்றே. ஜி.எஸ்.டி. 28, செஸ் 22, ஆக 50 சதவீதம். (2025 செப்டம்பர் 22 முதல் செஸ் போய் 40 சதவீதம். அதற்குள் எண்டவரே இல்லை.)

கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தேன். 2003 எஞ்சின் லிட்டருக்கு சுமார் 44 குதிரைத்திறன். 3.2 எஞ்சின் 62. எக்கோப்ளூ 85. பதினேழு வருஷத்தில் ஒவ்வொரு லிட்டரிடமும் வாங்குகிற வேலை ஏறக்குறைய இரட்டிப்பு. அந்தச் சூட்டையும் உராய்வையும் தாங்குவது ஆயில். விளம்பரத் தாளில் குதிரைத்திறன் கொட்டை எழுத்தில் இருக்கும், ஆயிலின் தரக்குறியீடு கையேட்டின் கடைசிப் பக்கங்களில் கிடக்கும்.

அதுவும் எக்கோப்ளூவில் டைமிங் பெல்ட்டே ஆயிலுக்குள் நனைந்தபடி சுற்றுகிறது. இப்போது தி.நகர்வாசி ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலையில் பிள்ளையை மயிலாப்பூர் பள்ளியில் விட்டு, உஸ்மான் ரோடு நெரிசலில் ஊர்ந்து கடைக்கு வருகிறார். மொத்தம் சில கிலோமீட்டர். வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க எஞ்சின் கூடுதலாக டீசல் தெளித்துச் சூடேற்றும். எரிந்து முடிவதற்குள் இவர் வண்டியை அணைத்துவிடுவார். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கி அதை நீர்க்க வைக்கும். நீர்த்த ஆயிலிலோ தப்பான ஆயிலிலோ ஊறிய பெல்ட் துகள் துகளாக உதிரும். துகள் போய் ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். ஃபார்ச்சூனரில் கரி செய்ததை இங்கே ரப்பர் செய்கிறது. ஜி.எஸ்.டி. ரோட்டில் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் விரட்டுகிறவருடைய எஞ்சினுக்கு இந்த ஆபத்து குறைவு.

பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு இங்கே கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகரில் 2022 ஜூலையில் கடைசி வண்டி இறங்கியது. சர்வீசும் உதிரி பாகமும் தொடரும் என்றார்கள், தொடர்கிறது. ஆனாலும் மூலைக்கு மூலை ஷோரூம் இருந்த காலம் போய்விட்டது. பல எண்டவர்கள் இப்போது தெருமுனை ஷெட்டுக்கும், ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை உதிரி பாகக் கடைகளுக்கும்தான் வருகின்றன. பழைய எண்டவர் வாங்கப் போகிறவர்கள் பெயிண்டையும் சீட்டையும் பார்ப்பதற்கு முன் ஆயில் பில்களைக் கேளுங்கள். எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர், என்ன ஆயில். 2.2, 3.2 என்றால் பத்து நிமிஷக் கணக்கை உங்கள் மெக்கானிக்கிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள். எக்கோப்ளூ என்றால் பெல்ட் மாற்றியதா என்பதுதான் முதல் கேள்வி.

2025 அக்டோபர் கடைசியில் ஃபோர்டு தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. மறைமலை நகரில் 3,250 கோடி ரூபாய் முதலீடு, வருஷத்துக்கு 2,35,000 எஞ்சின்கள், உற்பத்தி 2029-ல். இந்த முறை கார் இல்லை, எஞ்சின் மட்டும். 2020-ல் வாங்கிய எக்கோப்ளூ எண்டவர்களுக்கு அப்போது ஒன்பது வயது ஆகியிருக்கும்.