மலாயா மண்ணில் பழங்காசு தேடல்

பழங்காசு தேடல் என்பது மெட்டல் டிடெக்டர் எனப்படும் உலோகமறி கருவியைக் கொண்டு மண்ணில் புதைந்த நாணயங்களைக் கண்டெடுக்கும் பொழுதுபோக்கு. கருவி வேறு தேவைக்காகப் பிறந்தது. 1881இல் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் குண்டு எங்கே தங்கியிருக்கிறது என்று அறிய அலெக்சாண்டர் கிரஹாம் பெல் இத்தகைய கருவியால் முயன்றார், பலிக்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் போலந்து அதிகாரி யோசெப் கொசாட்ஸ்கி வடிவமைத்த கண்ணிவெடி உணரி 1942இல் எல் அலமைன் போர்க்களத்தில் பயன்பட்டது. போருக்குப் பின் எஞ்சிய இராணுவக் கருவிகள் விற்பனைக்கு வந்தன. காசு தேடுவோரும் அவற்றை வாங்கினர்.

கருவியின் கம்பிச்சுருள் காந்தப்புலத்தை எழுப்புகிறது. அதற்குள் அகப்படும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாக, கருவி ஒலிக்கிறது. ஒரு சாணுக்கு மேல் ஆழத்தில் கிடக்கும் சிறு காசு பெரும்பாலும் சிக்குவதில்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் மஞ்சோங் மாவட்டத்திலுள்ள ஆயர் தாவார் போன்ற பழைய ரப்பர் வட்டாரங்களில் இன்னும் சில தொல்லைகள் உண்டு: இரும்புச்சத்துள்ள செம்மண்ணும், தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்கள் இடிந்தபின் எஞ்சிய ஆணிகளும் கூரைத்தகரமும் பொய்யொலி எழுப்பும்.

இவ்வட்டாரத்தின் நாணய வரலாறு நீளமானது. அருகிலுள்ள பங்கோர் தீவில் டச்சுக்காரர்கள் வெள்ளீய வணிகத்துக்காக 1670இல் கோட்டை கட்டினர். பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் 1845ஆம் ஆண்டுச் செப்புக் காசுகளும், 1871 முதல் நீரிணைக் குடியேற்ற அரசின் நாணயங்களும் புழங்கின. தோட்டத் தொழிலாளர் கையில் மிகுதியாகப் புரண்டது ஒரு சென்ட் காசுதான். 1919இல் அது சதுரமாயிற்று: முனை மழுங்கிய நான்கு மூலைகள், ஒரு பக்கம் முடிசூடிய மன்னர் ஐந்தாம் ஜார்ஜ், மறுபக்கம் மதிப்பும் ஆண்டும். 1943ஆம் ஆண்டுக் காசு சற்றுச் சிறுத்தது, 1962இல் வட்டமானது. ஜப்பானியர் ஆட்சியில் மக்கள் கையில் புழங்க விட்டவை தாள்களே. வாழைமரப் படத்தால் பெயர்பெற்ற அந்தத் தாள்கள் 1945இல் செல்லாதவையாயின.

சதுரக் காசு தனியே சொல்வது அச்சான ஆண்டை மட்டுமே. கிடைத்த இடமும் ஆழமும் உடன் குறிக்கப்பட்டால், செம்பனைக்கடியில் மறைந்த ஒரு லயத்துக்கோ கள்ளுக்கடைக்கோ அது சான்றாகும். தோட்டத் தமிழர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதிவைத்த ஏடுகள் அரிது; ஆகவே இச்சான்றின் மதிப்பு காசுச்சந்தை விலையைவிடப் பெரிது. இடக்குறிப்பு இல்லாமற்போனால் நேரும் இழப்புக்குத் தமிழகத்தின் கரூர் எடுத்துக்காட்டு. அங்கே அமராவதி ஆற்றுமணலைச் சலித்தவர்களிடமிருந்து ‘மாக்கோதை’ என்று பெயர் பொறித்த சேரர் வெள்ளிக் காசு வெளிவந்தது, நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றோர் அதை ஆராய்ந்தனர். ஆனால் அது எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பது தெரியாமலே போயிற்று. இதற்கு மாறாக, 1992இல் இங்கிலாந்தின் ஹாக்ஸ்ன் ஊரில் தொலைந்த சுத்தியலைத் தேடிய எரிக் லாஸ், ரோமானியப் புதையல் தென்பட்டதும் தோண்டுவதை நிறுத்தித் தகவல் தந்தார். மீதியைத் தொல்லியலாளர்கள் முறையாக அகழ்ந்தெடுத்தனர்; மொத்தம் சுமார் 15,000 காசுகள் கிடைத்தன.

கண்டெடுத்ததைத் தெரிவிப்பது சட்டக் கடமையும்கூட. இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் நடப்பில் உள்ளது. மலேசியாவில் 1957ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் இடத்தில் 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் வந்தது. மரபுச் சிறப்புடையது என்று கருதத்தக்க பொருளைக் கண்டெடுப்பவர் மரபுடைமை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். ஆயர் தாவார் வட்டாரத்துக்கு அந்த மாவட்ட அலுவலகம் ஸ்ரீ மஞ்சோங்கில் உள்ளது.